நான்காவது ஃப்ரீசர்

மார்ச் 3, செவ்வாய்

லிஃப்ட் இன்றும் ஓடவில்லை. மூன்று மாடி ஏறி, மேல்படியில் மூச்சு வாங்க நின்றபோது ஃப்ரீசரம்மா எதிரே வந்தார். ஆய்வகத்தின் சாமான்கள், மருந்து பாட்டில்கள், ஆளுயரக் குளிர்பெட்டிகள் எல்லாம் அவர் பொறுப்பு. அந்தப் பட்டப்பெயர் மாணவர்கள் வைத்தது. அவருக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை.

“வாங்க. இன்னிக்கு எந்தக் கட்டத்த நிரப்பச் சொல்லப் போறீங்க?”

இந்த வரவேற்புக்கு நான் பழகிவிட்டேன். உண்மையைச் சொன்னால், பிடித்தும் போய்விட்டது. முன்பு பெரிய நிறுவனத்தில் நான் வடிவமைத்த திரைகளை யார் நிரப்பினார்கள், திட்டினார்களா, அழுதார்களா என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. இங்கே நிரப்புகிறவர் மாடிப்படியிலேயே நிற்கிறார்.

சின்னச் சின்ன ஆய்வகங்களுக்கு அவரவர் அளவுக்கு டேட்டாபேஸ் தைத்துக் கொடுக்கிறேன். ‘தைத்து’ என்பதுதான் சரியான சொல். தோள் அகலம் பார்க்காமல் சட்டை தைக்க முடியாது. பாசி வளர்ப்பவர்களுக்கு ஒன்று முடித்தேன். அடுத்து இது, புழு ஆய்வகம். ஒரு மில்லிமீட்டர் நீளம்கூடத் தேறாத, கண்ணாடி மாதிரிப் புழுக்கள். அவற்றைப் பக்குவமாக உறையவைத்துப் பல வருடம் கழித்து வெளியே எடுத்தாலும் நெளிந்து எழுந்து தீனி தேடும். எந்த வம்சம், யார் உருவாக்கியது, எந்தப் பெட்டியில் எந்தக் குழியில் தூங்குகிறது — இதைப் பிழையில்லாமல் வைத்துக்கொள்வதுதான் என் வேலை.

வேலை வாங்கிக் கொடுத்தது அங்கே ஆராய்ச்சி மாணவியாக இருக்கும் என் நாத்தனார். வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிறு மதியம் அவளுக்கு நம் வீட்டில்தான் சாப்பாடு. ஆய்வகத்தில் என்னை ‘மேடம்’ என்பாள், அண்ணிக்குச் சிபாரிசு செய்தாள் என்று பேச்சு வரக்கூடாதாம். இங்கே வந்து செருப்பைக் கழற்றியதும் அந்த மேடம் வாசலிலேயே நின்றுவிடும்.

இன்று சாப்பிட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று, “அண்ணி, அசையாதீங்க,” என்று என் கன்னத்தில் விரலை வைத்தாள். உதிர்ந்த ஓர் இமைமுடி. அதை அழகாக ஒரு காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“எதுக்கு?”

“லேப்புக்கு. புழுவத் தொட்டுப் பாக்க இமைமுடிய விட்டா வேற எதுவும் சரிப்படாது. மத்ததெல்லாம் குத்தும்.”

இவர், அவள் அண்ணன், விடவில்லை. “எட்டு வருஷமா படிச்சு, கடைசியில முடி பொறுக்குற நிலைக்கு வந்துட்ட.”

“உன் தலையில இருந்தாத்தானே உன்கிட்ட கேக்கறதுக்கு?”

அவள் ஆராய்ச்சி எனக்குப் புரிந்தவரை: தொட்டால் உணராத ஒரு புழு வம்சம் உண்டு. முடியால் வருடினாலும் அது பாட்டுக்குப் போகும். அதற்கு இன்னொரு மரபணு மாற்றம் கொடுத்து, தொட்டால் மறுபடி உணரும்படி இவள் செய்திருக்கிறாள். அந்த வம்சத்தை உருவாக்க மட்டும் மூன்று வருடம். கட்டுரையை வாசித்த நிபுணர்கள் ஒரே ஒரு சோதனையைத் திரும்பச் செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அது முடிந்தால் கட்டுரை, கட்டுரை வந்தால் பட்டம். இந்த வருடக் கடைசியோடு அவளுடைய பதிவுக் காலமும் முடிகிறது.

மாமியார் போனில் வந்தார். வேறு ஊரில் இருந்தாலும் ஞாயிறு தவறாது. வழக்கமான கேள்விதான்: “எப்பம்மா முடிக்கிற?”

“ஆகஸ்ட்மா.”

போன தடவை மே. அதற்கு முன் டிசம்பர். நானும் சும்மா இல்லாமல், “ஆகஸ்ட்னா ஆகஸ்ட்தானே?” என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

மார்ச் 11, புதன்

பாசி ஆய்வகத்திலிருந்து ஒரு வரி: “நேற்று தேடியது உடனே கிடைத்தது.” நாள் முழுக்க அதை வைத்தே ஓட்டினேன்.

மார்ச் 16, திங்கள்

நல்ல செய்தி இல்லை.

புழுக்களைச் சின்ன வட்டத் தட்டுகளில் வளர்க்கும் அலமாரி ஒன்று உண்டு. எப்போதும் இருபது டிகிரியில் இருக்க வேண்டும். சனிக்கிழமை அதன் வெப்பக் கட்டுப்பாடு பழுதாகி, இன்று காலை திறந்தபோது உள்ளே அனல். எல்லாத் தட்டும் போயிற்று. எல்லோருடையதும்தான், ஆனால் மற்றவர்களின் வம்சங்களை வேறு ஊர் ஆய்வகங்களிலிருந்து கேட்டு வாங்கிவிடலாம். அவளுடையது வேறெங்கும் இல்லை.

நான் போனபோது அவள் நுண்ணோக்கியில் தட்டு தட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. “பரவால்ல மேடம். ஆறு டியூப் உறையவெச்சிருக்கேன். இதுக்குத்தானே வெக்கிறது?” என்றாள்.

இதுக்குத்தானே வெக்கிறது. பேருந்தில் வரும்போது அந்த வாக்கியத்துக்காக நன்றியோடு இருந்தேன். அந்த ஆறும் எங்கே இருக்கின்றன என்று என் டேட்டாபேஸ் சொல்லும். நாளைக் காலை எடுக்கிறாள்.

மார்ச் 17, செவ்வாய்

காலையில் அவளிடமிருந்து போன். “அண்ணி, நம்ம லேப்ல எத்தன ஃப்ரீசர்?”

ஆய்வகத்திலிருந்து பேசியும் மேடம் என்று சொல்லாததிலேயே ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது.

மூன்று, என்றேன்.

“டேட்டாபேஸ் நாலாவதுல இருக்குங்குது.”

ஓடினேன். ஆமாம். ஃப்ரீசர் 4, அடுக்கு 1, பெட்டி 1, குழி 31 முதல் 36. அவள் டியூப் மட்டுமல்ல, நூற்றுச் சொச்சம் டியூப் அந்த நாலாவதில் குடியிருக்கிறது. எல்லோருமே அதைப் பார்த்திருக்கிறார்கள். கீழ்மாடியில் தாவர ஆய்வகத்தில் நமக்கு ஓர் இடம் கொடுத்திருப்பார்கள், அதுதான் நாலாவது என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். கீழே போய்க் கேட்டோம். உங்கள் சாமான் ஒரு துரும்புகூட இங்கே கிடையாது என்று திறந்தே காட்டினார்கள்.

இல்லாத ஃப்ரீசர். என் டேட்டாபேஸில். இடம் போடாம சேமிக்கவே விடமாட்டேன்னு நான்தானே கட்டினேன்? ஒரு குழியில ஒரு டியூப்தான்னு நான்தானே பூட்டினேன்? அவ்வளவு பெருமையா சொன்னேனே — இதுல தப்பு நுழையவே முடியாதுன்னு. நுழையல. கதவுக்கு வெளியே தனியா ஒரு வீடே கட்டிக்கிச்சு.

அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 18, புதன்

ஒவ்வொரு பதிவையும் யார், எப்போது போட்டார்கள் என்று டேட்டாபேஸ் தனியாகக் குறித்துக்கொள்ளும். பார்த்தேன். டிசம்பரில் ஒரே பிற்பகலில், எல்லாம் ஃப்ரீசரம்மாவின் கணக்கிலிருந்து. இரண்டாம் ஃப்ரீசர் பழுதாகி, உள்ளிருந்ததை எல்லாம் மற்ற இரண்டுக்கு மாற்றிய நாள்.

எப்படிக் கேட்பது என்று வார்த்தை தேடிக்கொண்டு போனேன். அவருக்கு அந்தச் சிரமமே இல்லை.

“நான்தான் போட்டேன். அலாரம் கத்துது, கையுறைக்குள்ள விரல் விறைச்சுப் போச்சு, டியூப்பெல்லாம் உருகப் போகுது. காலியா இருக்கிற குழியில வெச்சுட்டு வந்து உங்க திரையில போட்டா, அங்க ஏற்கெனவே வேற ஒண்ணு இருக்குன்னு அடம் பிடிக்குது. நான் கண்ணால பாத்துட்டு வரேன், காலின்னு. அது இல்லங்குது. இடத்த விட்டுட்டுப் போலாம்னா சிவப்புல கத்துது. நாலுன்னு ஒண்ண உண்டாக்கினேன், வாயை மூடிச்சு.”

“அப்புறம் மாத்தியிருக்கலாமே?”

“அப்புறம்னு ஒரு நாள் எனக்கு இந்த லேப்ல வந்ததே இல்ல.”

எந்தக் குழியில் வைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை மறக்கமாட்டேன்: எங்கே சந்து கிடைத்ததோ அங்கே. நினைவில்லை. முகம் வாடித்தான் சொன்னார். அவருக்கும் அவளைப் பிடிக்கும்.

தேடித்தான் பார்ப்போமே என்றால், இரண்டு ஃப்ரீசரிலும் ஆயிரக்கணக்கில் டியூப். ஒவ்வொன்றின் பெயரையும் உறைபனியைத் துடைத்துத்தான் வாசிக்க வேண்டும். பெட்டி பெட்டியாக வெளியே எடுத்து வைத்துத் தேடினால் மற்றவர்களின் புழு செத்துவிடும். பேராசிரியர் அனுமதி தரவில்லை. தரமாட்டார், தரவும் கூடாது.

மாலையில் எல்லோரையும் கூட்டி, “யார் செஞ்சது இது?” என்றார். ஃப்ரீசரம்மா எழுந்திருக்கப் போனார். நான் முந்திக்கொண்டு, என்னுடைய வடிவமைப்பு அவரை அங்கே தள்ளியது என்று விளக்கினேன். தெரியாது என்று சொல்ல அதில் இடமே இல்லை. இடமில்லாதபோது மனிதர்கள் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள்.

வெளியே வந்ததும் ஃப்ரீசரம்மா, “என்னக் காப்பாத்திட்டதா நெனச்சுக்காதீங்க. உள்ளதத்தான் சொன்னீங்க,” என்றார். பிறகு தன் மேசை இழுப்பறையிலிருந்து எனக்கொரு சாக்லேட் எடுத்துக் கொடுத்தார்.

மார்ச் 19, வியாழன்

காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது. நுரையோடு ஓடிவந்து கணினியைத் திறந்தேன். இவர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் துண்டை மட்டும் நீட்டினார்.

ஃப்ரீசரம்மா சொன்னதையே நான் சரியாகக் கேட்கவில்லை. வைத்துவிட்டு வந்து போட்டேன் என்றார். அப்படியானால் பதிவு செய்த வரிசைதான் வைத்த வரிசை. காலிக் குழி என்று டேட்டாபேஸும் ஒப்புக்கொண்ட இடங்களில் உண்மையான எண்ணைப் போட்டிருக்கிறார். அது அடம் பிடித்த இடங்களில் மட்டும்தான் நாலாவது ஃப்ரீசர். எல்லாவற்றையும் இடப்படி அல்லாமல் நேரப்படி அடுக்கிப் பார்த்தேன்.

ஃப்ரீசர் 3, பெட்டி 22, குழி 40.
பிறகு வரிசையாக அவளுடைய ஆறு, எல்லாம் ‘ஃப்ரீசர் 4’.
பிறகு ஃப்ரீசர் 3, பெட்டி 22, குழி 47.

நடுவே 41 முதல் 46 வரை யாருடையது? படித்து முடித்துப் போய்விட்ட ஒரு மாணவனுடையது. எல்லாவற்றையும் எடுத்துப் பயன்படுத்திவிட்டு, பதிவில் நீக்காமல் போயிருக்கிறான். டேட்டாபேஸ் அந்தக் காலிக் குழிகளை அவனுக்காகக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு பெட்டிதான் என்றதும் பேராசிரியர் தலையசைத்தார். ஃப்ரீசரம்மா கையுறை மாட்டி எடுத்தார். அவள் பக்கத்தில் உலர்பனிப் பெட்டியோடு. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். எனக்கு அங்கே வேலை இல்லை. ஃப்ரீசரம்மா கட்டைவிரலால் மூடியின் மேலிருந்த வெண்பனியைத் தேய்த்தார். நீல மையில் அவளுடைய கோணல் கையெழுத்து. அடுத்தது. அதற்கடுத்தது.

ஆறும்.

“போய் வேலயப் பாரு,” என்று ஃப்ரீசரம்மா அவளிடம் ஒரு டியூபை நீட்டினார். மற்ற ஐந்தையும் உடனே பெட்டிக்குள் திருப்பி வைத்தார்.

மார்ச் 20, வெள்ளி

உறையவைத்ததில் எல்லாம் பிழைப்பதில்லையாம். டிசம்பர் கலவரத்தில் பாதி உருகி மறுபடி உறைந்திருந்தால் ஒன்றுமே தேறாது என்கிறாள். நேற்றே தட்டில் ஊற்றிவிட்டாள். மதியம் ஒரு செய்தி: “நாலு நெளியுது அண்ணி. நாலே நாலு.”

நாலு என்ற எண்ணோடு சமாதானம் ஆனேன்.

மார்ச் 22, ஞாயிறு

அவை வளர்ந்துவிட்டன. நெளிவது போதாது, தொட்டால் உணர்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்போதுதான் அது அவளுடைய வம்சம்தான் என்று உறுதி. என்னையும் கூப்பிட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வெறிச்சோடிய ஆய்வகம். குழாயில் சொட்டும் நீர்ச் சத்தம்.

பல்குத்தும் குச்சி நுனியில் பசை தடவி ஒட்டிய இமைமுடி. “இது உங்களோடதுதான்,” என்று காட்டினாள். அந்த ஞாயிறு என் கன்னத்திலிருந்து எடுத்தது.

நுண்ணோக்கியில் நான் குனிந்தேன். இன்னொரு கண்குழாய் வழியே அவள். கண்ணாடி இழை மாதிரி ஒரு புழு, வளைந்து வளைந்து தன் பாட்டுக்குப் போனது. பார்வை வட்டத்தின் ஓரத்திலிருந்து என் இமைமுடி ஒரு பெரிய மூங்கில் போல உள்ளே வந்தது. கழுத்துப் பக்கம் மெல்ல வருடியது.

புழு நின்றது. பின்னால் போனது. அழகாகத் திரும்பி வேறு பக்கம் போயிற்று.

“இன்னொரு தடவ,” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே அடுத்ததைத் தொட்டாள். அதுவும்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னபோது, “உன் முடி பட்டா யாரா இருந்தாலும் பின்வாங்கத்தான் செய்வாங்க,” என்றார். சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்க் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். தங்கைக்காக அவர் இந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. கேட்டிருந்தால் வெக்கை என்றிருப்பார்.

மார்ச் 27, வெள்ளி

இடம் என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று ஒரு பதிலைச் சேர்த்துவிட்டேன். அதைத் தேர்ந்தெடுத்தால் இன்னொரு கேள்வி வரும்: ‘கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?’ அதை நிரப்பினாலும் சரி, விட்டாலும் சரி.

பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. “தெரியலன்னு ஒரு பொத்தான் வெச்சா எல்லாரும் அதையேதான் அமுக்குவாங்க,” என்றார். நியாயமான பயம்தான். போன வருடம் வரை நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஃப்ரீசரம்மா, “இப்ப மட்டும் தெரிஞ்சா போடறாங்க?” என்றார். ஒரு மாதம் பார்க்கலாம் என்று பேராசிரியர் ஒப்புக்கொண்டார்.

திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலோரம். டிசம்பர், மே, ஆகஸ்ட் என்று அவள் ஞாயிறுதோறும் சொன்ன தேதிகள் ஞாபகம் வந்தன. அதெல்லாம் எந்த ஃப்ரீசரில் இருக்கின்றன? எங்கள் வீட்டுக் கேள்வியிலும் சிவப்புக் குறி போட்டு வைத்திருந்தோம். நிரப்பாமல் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்க முடியாது. அவளும் ஏதோ ஒரு மாதத்தை உண்டாக்கி எங்கள் வாயை மூடியிருக்கிறாள்.

இனி நான் கேட்கப் போவதில்லை. மாமியாருக்கும் இவருக்கும் பாடம் நடத்துகிற எண்ணமும் இல்லை. என் கட்டத்தை மட்டும் எடுத்துவிடுகிறேன்.

ஏப்ரல் 9, வியாழன்

எல்லாரும் அதையே அமுக்கவில்லை. நாலாவதில் குடியிருந்த டியூபுகளை எல்லாம் ‘தெரியவில்லை’க்கு மாற்றினேன், நேர வரிசையை வைத்துக்கொண்டு தினமும் இரண்டு மூன்று பேர் சொந்த வீடு திரும்புகிறார்கள். புதிதாக ‘தெரியவில்லை’ போட்டவர் இதுவரை ஒருவர்தான். பேராசிரியர். அவர் பழைய ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த டியூபுகள். ‘கடைசியாக எங்கே பார்த்தீர்கள்’ என்பதில் ‘என் திருமணத்துக்கு முன்’ என்று எழுதியிருக்கிறார்.

ஃப்ரீசரம்மா அதை அச்செடுத்துக் கதவில் ஒட்டிவிட்டார்.

ஏப்ரல் 30, வியாழன்

இன்று படியேறும்போது லிஃப்ட் சரியாகிவிட்டதைக் கவனிக்கவேயில்லை. மேலே போனபிறகு சொல்லிச் சிரித்தார்கள். ஒரு நெல்விதை ஆய்வகம் இவர்களிடம் விசாரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறது. ஃப்ரீசரம்மா என்னைப் பற்றிச் சொன்னாராம்: “திட்டினா கேட்டுக்குவாங்க.” இதைவிட நல்ல சான்றிதழ் எனக்கு யாரும் தந்ததில்லை.

ஜூன் 21, ஞாயிறு

மழை. அவள் நனைந்துகொண்டே வந்தாள், இவர் துண்டோடு வாசலில் நின்று திட்டினார். சாப்பாடு முடிந்து, தட்டுகள் இன்னும் மேசையிலேயே இருந்தபோது மாமியாரின் போன். ஸ்பீக்கரில் போட்டோம்.

மழையா, சாப்பிட்டாச்சா, அவன் மாத்திரை போடறானா. பிறகு அது.

“நீ எப்பம்மா முடிக்கிற?”

நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் ஈரத் தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டே, “தெரியலம்மா,” என்றாள்.

இவர் நிமிர்ந்து போனைப் பார்த்தார். நான் தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். மாமியார் வீட்டு மின்விசிறி கடகடப்பது மட்டும் கேட்டது.

“சரி,” என்றார் மாமியார் கடைசியில். “இப்ப எதுவரைக்கும் வந்து நிக்குது?”

அவள் துண்டை மடியில் வைத்தாள். சொல்ல ஆரம்பித்தாள். சோதனை முடிந்துவிட்டது, எழுதி அனுப்பியாயிற்று, அவர்கள் என்ன சொல்வார்களோ பார்க்க வேண்டும், சொன்னபிறகு இன்னும் ஓர் அத்தியாயம் பாக்கி. எட்டு வருடத்தில் அம்மாவிடம் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நடுநடுவே மாமியார் கேள்வி கேட்டார். தொட்டா அதுக்கு வலிக்குமா? கண்ணு உண்டா? தூங்கி எழுந்ததும் பழைய ஞாபகம் இருக்குமா?

“அது தெரியலம்மா. அத இன்னும் யாரும் பாக்கல,” என்றாள் அவள், சிரித்துக்கொண்டு.

இவர் கையை நீட்டி, போனின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.